சிபிசிடி படத்தில் கோளாறு தெரிந்தால்: மறுபடியும் எடுக்கும் முன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

பல் மருத்துவத்தில் முப்பரிமாண எக்ஸ்-கதிர்ப் படம் என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் கூம்பு வடிவக் கதிரால் எடுக்கப்படும் சிபிசிடி ஸ்கேனைத்தான். திரையில் வந்த படம் சரியில்லை என்றவுடன் நோயாளியை மீண்டும் இயந்திரத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்துவது பல ஸ்கேன் மையங்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எடுக்கும் ஒவ்வொரு மறு படமும் முதல் படத்தில் கொடுத்த அதே கதிர்வீச்சை முழுமையாக இன்னொரு முறை கொடுக்கிறது. படமெடுக்கும் பரப்பையும் இயந்திரத்தையும் பொறுத்து அந்த அளவு சில பத்து மைக்ரோசீவெர்ட்டிலிருந்து (உடல் பெறும் கதிரளவின் அலகு) பல நூறு மைக்ரோசீவெர்ட் வரை போகக்கூடும் என்பதையும், எல்லாப் பற்களையும் ஒரே தட்டைப் படமாகக் காட்டும் சாதாரண ஓபிஜி படம் பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரோசீவெர்ட்டுக்குள் முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மறு படம் ஏன் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். பல கோளாறுகளை மறுபடியும் கதிர் பாய்ச்சாமலே சரிசெய்ய முடியும். வேறு சில கோளாறுகள் எத்தனை முறை எடுத்தாலும் அப்படியே திரும்ப வரும். எது எந்த வகை என்பதைப் படத்தில் தெரியும் அறிகுறியே சொல்லிவிடும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஓர் அடிப்படையை மனத்தில் வைக்க வேண்டும். இயந்திரத்தின் கை நோயாளியின் தலையை ஒரு முறை சுற்றி வரும்போது நூற்றுக்கணக்கான தட்டைப் படங்களை எடுக்கிறது. கணினி அவற்றைச் சேர்த்து ஒரு கன உருவமாகக் கட்டுகிறது. 1984-இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கணக்கு முறையும் அதிலிருந்து கிளைத்த முறைகளுமே இன்றும் பெரும்பாலான இயந்திரங்களின் அடித்தளம். அந்தக் கணக்கு மூன்று விஷயங்களை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது: சுற்று முடியும் வரை தலை அசையவில்லை, கதிர் முழுவதும் ஒரே ஆற்றலுடையது, கதிரைப் பதிவுசெய்யும் டிடெக்டரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி பதிலளிக்கின்றன. தலை அசைந்திருந்தால் விளிம்புகள் இரட்டையாகும்; ஆற்றல் பற்றிய அனுமானம் பொய்த்தால் உலோகத்தைச் சுற்றிப் பட்டைகள் எழும்; டிடெக்டர் சீராக இல்லாவிட்டால் வளையங்கள் தோன்றும்.

எந்த அறிகுறியானாலும் நோயாளியை அனுப்பிவிடாமல் சில நிமிடம் வெளியே அமரச் சொல்லிவிட்டு, கட்டப்பட்ட கன உருவத்தை மட்டும் பார்க்காமல் மூலத் தட்டைப் படங்களையும் ஒரு ஓட்டமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இந்த வசதி உண்டு, ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. தலை சீராகச் சுழல்வதுபோல் தெரிய வேண்டிய அந்த ஓட்டத்தில் பற்கள் ஓரிடத்தில் குதித்தால் நோயாளி அசைந்திருக்கிறார். எல்லாத் தட்டைப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளியோ கோடோ நிலைத்து நின்றால் குறை டிடெக்டரில் இருக்கிறது. இடையில் சில தட்டைப் படங்கள் இருண்டிருந்தால் கதிர் தடைப்பட்டிருக்கிறது.

விளிம்புகள் இரட்டையாகத் தெரிகின்றன, படம் முழுவதும் மங்கியிருக்கிறது

அடிக்கடி வருவதும் அடிக்கடி வீண் மறு படத்துக்குக் காரணமாவதும் இதுதான். கீழ்த்தாடையின் அடி விளிம்பைப் பாருங்கள்; ஒரே கோடாக இருக்க வேண்டிய வெண்ணிற எலும்பு விளிம்பு இரண்டு இணைகோடுகளாகத் தெரிந்தால் நோயாளி அசைந்திருக்கிறார் என்பது கிட்டத்தட்ட உறுதி. வாக்செல் (கன உருவத்தின் மிகச் சிறிய கனத்துண்டு) அளவு 0.2 மி.மீ. என்றால், அதைவிடப் பெரிய எந்த அசைவும் படத்தில் பதியும். எச்சில் விழுங்குவதே அதற்குப் போதும். சிறிய பரப்புப் படங்களை ஒட்டி ஒன்றாக்கும் இயந்திரங்களில் ஒட்டுமிடத்தில் படி போன்ற முறிவு தெரிந்தால், அதை எலும்பு முறிவு என்று எண்ணிவிடாமல் இரண்டு படங்களுக்கு இடையில் தலை நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அசைவு உறுதியானதும் கேட்க வேண்டிய கேள்வி, பரிந்துரைத்த மருத்துவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்பினார் என்பதே. முளைக்காமல் புதைந்திருக்கும் கோரைப்பல் அண்ணப் பக்கம் இருக்கிறதா உதட்டுப் பக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால், ஓரளவு மங்கிய படமே விடை சொல்லிவிடும். அங்கே மறு படம் எடுப்பதற்கு நியாயம் கிடையாது. வேரில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, கடைவாய்ப்பல்லில் விடுபட்ட வேர்க் கால்வாய் இருக்கிறதா என்பது கேள்வி என்றால் மங்கிய படம் பயன்படாது. அசைவைத் திருத்தும் மென்பொருள் வசதி உங்கள் இயந்திரத்தில் இருந்தால், எடுத்த தரவையே அதில் மறுபடி கட்டிப் பாருங்கள். அதன் பிறகும் விடை கிடைக்காதபோது மட்டுமே மறு படம், அதுவும் அசைவுக்கான காரணத்தை நீக்கிய பிறகு.

காரணம் பெரும்பாலும் எளியது. சுழலும் கையைக் கண்கள் பின்தொடரும், கண்ணோடு தலையும் திரும்பும்; ஆகவே கண்களை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். தொடங்கும் முன் ஒரு முறை எச்சிலை விழுங்கச் சொல்லி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். முதியவர்களையும் கை நடுக்கமுள்ளவர்களையும் நிற்க வைத்து எடுப்பதைவிட அமர வைத்து, தலைப்பட்டையை இறுக்கி எடுப்பது நல்லது. குழந்தைகளுக்குக் கதிர் இல்லாமல் கையை மட்டும் ஒரு முறை சுற்றவிட்டுக் காட்டினால் பயம் பெருமளவு தெளிந்துவிடும். அத்துடன் அரைச்சுற்று முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் அதில் நேரமும் குறைவு, கதிரும் குறைவு. என் அனுபவத்தில், நோயாளியிடம் "அசையாதீர்கள்" என்று மட்டும் சொல்வதைவிட, என்ன சத்தம் வரும், எது முகத்தருகே சுற்றும், எத்தனை விநாடியில் முடியும் என்று முன்கூட்டியே விளக்குவதே அதிகப் பலன் தருகிறது.

கேப், இம்ப்ளாண்ட், வேர்ச் சிகிச்சை செய்த பல் ஆகியவற்றைச் சுற்றிக் கருப்புப் பட்டைகளும் வெள்ளைக் கோடுகளும்

இது மறு படத்தால் தீராத கோளாறு. எக்ஸ்-கதிர்க் குழலிலிருந்து வரும் கதிரில் பலவித ஆற்றல்கள் கலந்திருக்கின்றன. உலோகம் குறைந்த ஆற்றலுள்ள பகுதியை முதலில் உறிஞ்சிவிடுவதால் கடந்து செல்லும் கதிரின் சராசரி ஆற்றல் கூடிவிடுகிறது. ஒரே ஆற்றல் என்று நம்பிக் கணக்கிடும் கணினி, அந்தப் பாதையில் உள்ள பொருளை உள்ளதைவிட அடர்த்தி குறைந்ததாகக் காட்டுகிறது. சிர்கோனியா உலோகமில்லை என்பதால் இந்தத் தொல்லை இருக்காது என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சிர்கோனியா இம்ப்ளாண்டைச் சுற்றி எழும் பட்டைகள் டைட்டானியத்தைச் சுற்றி எழுபவற்றைவிடக் கூடுதல்.

இந்தப் பட்டைகள் படத்தை அசிங்கமாக்குவதோடு நின்றால் பரவாயில்லை. இரண்டு இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே விழும் கருப்புப் பட்டை எலும்புத் தேய்வைப் போலவும், கேப்பின் ஓரத்தில் விழும் கருமை சொத்தையைப் போலவும், கட்டாபெர்ச்சா என்னும் நிரப்புபொருள் இட்ட வேரில் ஓடும் கருங்கோடு செங்குத்து விரிசலைப் போலவும் தெரிகின்றன. காப்பாற்றக்கூடிய பல்லை ஒரு கருங்கோட்டை நம்பிப் பிடுங்கிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது, ஆகவே இந்த ஓர் இடத்தில் யாரும் அவசரப்படக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

பிரித்தறியும் வழி உண்டு. ஆக்சியல் ஸ்லைஸில் (கிடைமட்ட வெட்டுப் படத்தில்) அந்தக் கோட்டை நீட்டிப் பாருங்கள். அது வேரின் எல்லையைத் தாண்டி எலும்புக்குள்ளும் அதற்கு அப்பாலும் நீண்டாலோ, அடர்த்தியான இரண்டு பொருள்களை இணைக்கும் நேர்க்கோட்டில் சரியாக அமைந்தாலோ, அது கணக்கின் விளைவே. உண்மையான விரிசல் வேருக்குள்ளேயே நிற்கும், அடுத்தடுத்த பல ஸ்லைஸ்களில் தொடரும், விரிசலை ஒட்டிய பக்கத்தில் பெரும்பாலும் எலும்பு கரைந்திருக்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால் வேறு கோணத்தில் வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு சிறு ஐஓபிஏ படம், ஈறுப் பை ஓரிடத்தில் மட்டும் ஆழமாக இருக்கிறதா என்று பார்க்கும் அளவீடு, தேவையானால் நுண்ணோக்கியில் நேரடிப் பார்வை ஆகியவற்றால் உறுதி செய்ய வேண்டும். கேப்பின் ஓரச் சொத்தையைக் கண்டறிய சிபிசிடி தகுந்த கருவியே அல்ல. அதற்கு, வாய்க்குள் வைத்துக் கடித்தபடி எடுக்கும் பைட்விங் படம் போதும்.

உலோகக் கோடுகளைத் திருத்தும் மென்பொருள் படத்தைத் தெளிவாக்கும்; ஆனால் இம்ப்ளாண்டை ஒட்டிய மெல்லிய எலும்பை அது கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடும். ஆகவே திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே முடிவு சொல்ல வேண்டும். கிலோவோல்ட்டைக் கூட்டினால் கோடு மறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கிடைக்கும் பலன் சிறிது, கூடும் கதிர் அதிகம். படமெடுக்கும் பரப்பைச் சுருக்கி உலோகத்தை வெளியே தள்ளினாலும் கதிர் அதன் வழியாகவே வர நேர்வதால் கோடுகள் முழுமையாகப் போகா. முன்கூட்டியே செய்யக்கூடியது வேறொன்று: கோடுகள் கை சுழலும் தளத்திலேயே பரவுகின்றன என்பதால், மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே பஞ்சுருளை வைத்துத் தாடைகளைப் பிரித்தாலோ தலையைச் சற்றுச் சாய்த்து வைத்தாலோ, எதிர்த்தாடையின் கேப்பிலிருந்து வரும் கோடுகள் நமக்கு வேண்டிய இடத்தைத் தவிர்த்துப் போகும்.

கழற்றக்கூடிய உலோகத்தைக் கழற்றாமல் எடுத்த படத்துக்கு மட்டும் சாக்குச் சொல்ல முடியாது. கம்மல், மூக்குத்தி, ஹேர்பின், மூக்குக்கண்ணாடி, கழற்றி மாட்டும் பல்செட் ஆகியவற்றைப் பட்டியலாக அறைக்கதவில் ஒட்டி வையுங்கள். மூக்குத்தி வருடக்கணக்கில் கழற்றப்படாமல் இறுகியிருக்கும். மேல்தாடை முன்பற்களுக்கான படம் என்றால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிக் கழற்றி வரச் சொல்வது மரியாதையும்கூட. கீழ்த்தாடைப் பின்பற்களுக்கு மட்டும் சிறிய பரப்பில் எடுக்கும்போது அது கதிரின் பாதையில் வராது என்றால் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

ஒரே மையத்தைச் சுற்றி வளையங்கள்

ஆக்சியல் ஸ்லைஸில் வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய வளையங்கள் தெரிந்தால் குறை நோயாளியிடம் இல்லை. டிடெக்டரின் சில புள்ளிகள் செயலிழந்திருக்கலாம், அல்லது அதன் சீரமைப்பு (காலிபரேஷன்) தவறியிருக்கலாம். இந்த நிலையில் அதே நோயாளியை மறுபடி எடுப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது. சோதனைக்கான பாண்டமை (நோயாளிக்குப் பதிலாக வைக்கும் மாதிரிப் பொருளை) வைத்து ஒரு படம் எடுங்கள். அதிலும் வளையம் வந்தால் தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி சீரமைப்பைச் செய்யுங்கள். ஏசி நின்றுபோய் அறை சூடேறிய நாட்களிலும், இயந்திரத்தை இயக்கியவுடன் காத்திராமல் எடுத்த முதல் படத்திலும் இது கூடுதலாக வருகிறதா என்று கவனியுங்கள். சீரமைத்த பிறகும் தீராவிட்டால் பொறியாளரை அழைக்க வேண்டும். குழலோ டிடெக்டரோ மாற்றப்பட்டால் தரச் சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வரும் வரை நோயாளிகளை எடுக்கக் கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு இயங்கும் மையம் அந்த அறிக்கையைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

படம் முழுவதும் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக இருக்கிறது

பெரும்பாலும் இது தேவைக்கு மீறிச் சிறிய வாக்செலைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு. 0.2 மி.மீ. வாக்செலை 0.1 மி.மீ. ஆக்கினால் அதன் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கதிரும் அதற்கேற்பக் குறைகிறது. இதற்கு மறு படம் தேவையே இல்லை. ஸ்லைஸ் தடிமனை 0.5 அல்லது 1 மி.மீ. ஆக உயர்த்திச் சராசரியாகப் பாருங்கள், அல்லது அதே தரவைப் பெரிய வாக்செலில் மறுபடி கட்டுங்கள். இம்ப்ளாண்ட் திட்டமிடலுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. போதும், வேர்க் கால்வாய், வேர் விரிசல் போன்ற நுண்ணிய தேடலுக்கே சிறிய வாக்செலும் சிறிய பரப்பும் வேண்டும்.

நரம்புக் கால்வாய் தெரியவில்லை, அல்லது முன்பற்களுக்கு முன்னால் எலும்பே இல்லாததுபோல் தெரிகிறது

இங்கே படம் நன்றாகவே இருக்கிறது, பார்க்கும் முறையில்தான் குறை. கீழ்த்தாடை நரம்புக் கால்வாயின் சுவர் சிலருக்குத் தெளிவான வெண்ணிற விளிம்பில்லாமல் இருக்கும்; தாடையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் கிராஸ் செக்‌ஷனில் மட்டும் தேடினால் சுற்றியுள்ள எலும்புத் துளைகளோடு கலந்துபோகும். தாடையின் பக்கவாட்டில் நரம்பு வெளிவரும் மென்டல் துவாரத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு ஸ்லைஸாக வாருங்கள். பிறகு தாடையின் உட்புறம் நரம்பு நுழையும் துவாரத்திலிருந்து முன்னோக்கி வாருங்கள். இரண்டு பாதைகளும் சந்திக்க வேண்டும். நரம்பு மென்டல் துவாரத்துக்கு முன்னால் ஒரு வளைவாகச் சென்று திரும்பி வரக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். கால்வாயிலிருந்து இம்ப்ளாண்டின் நுனிக்கு குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடும் வழக்கம், இத்தகைய ஐயங்களுக்கும் சேர்த்துத்தான்.

அளவெடுக்கும்போது கிராஸ் செக்‌ஷன் பல் வரிசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பல் வரிசையை ஒட்டி மென்பொருளில் வரையும் பனோரமிக் வளைவைத் தாடையின் நடுவே வரையாமல் ஓரமாக வரைந்தாலோ, கன உருவத்தை இம்ப்ளாண்ட் அச்சுக்கு ஏற்பத் திருப்பாமல் அளந்தாலோ, எலும்பின் அகலம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். சாய்வாக வெட்டினால் எதுவும் அகலமாகத்தான் தெரியும்.

முன்பற்களுக்கு முன்னால் உள்ள எலும்புத் தகடு பல இடங்களில் வாக்செலைப் போலவே மெல்லியது. பக்கத்திலுள்ள ஈறின் அடர்த்தியோடு அது ஒரே வாக்செலில் கலந்துவிடுவதால் மறைந்துபோகிறது. ஆகவே அறிக்கையில் "எலும்பு இல்லை" என்று எழுதாமல் "இந்தத் தெளிவில் எலும்பு காணப்படவில்லை" என்று எழுதுவதே சரி. பல் சீரமைப்பு மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை வைத்தே பல்லை நகர்த்தும் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

எலும்பின் அடர்த்தி எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்ற குறையும் இதோடு சேர்ந்து வரும். மருத்துவமனை சிடி ஸ்கேனின் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகை (அடர்த்தியைக் குறிக்கும் நிலையான எண்ணை) சிபிசிடியிடம் எதிர்பார்க்கக் கூடாது. சிதறிய கதிர், பரப்புக்கு வெளியே உள்ள திசு, தலை இருக்கும் இடம் ஆகியவை எல்லாம் சாம்பல் மதிப்பை மாற்றிவிடும். இரண்டு இயந்திரங்களின் எண்களையோ, ஒரே இயந்திரத்தில் வேறு வேறு பரப்பில் எடுத்த எண்களையோ ஒப்பிட்டு எலும்பு கெட்டிப்பட்டிருக்கிறது என்று எழுதுவது தவறு.

வேண்டிய பகுதி படத்தில் விழவில்லை

வேர்நுனி வெட்டுப்பட்டுப்போனால் மறு படத்தைத் தவிர வேறு வழியில்லை, ஆகவே தடுப்பதே முழு வேலை. முன்னோட்டப் படம் எடுக்கும் வசதி இருந்தால் சிறிய பரப்பில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பயன்படுத்துங்கள். அதன் கதிர் மிகக் குறைவு. பரிந்துரைச் சீட்டில் வெறும் "36" என்று மட்டும் இருந்தால், எஃப்டிஐ என்னும் பல் எண் முறைப்படி அது கீழ் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல் என்பதை நோயாளியிடம் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டும் சரிபாருங்கள். தவறிவிடுமோ என்ற அச்சத்தில் எல்லாருக்கும் முழு முகப் பரப்பில் எடுப்பது தீர்வாகாது. ஐரோப்பிய ஆணையம் 2012-இல் வெளியிட்ட 172-ஆம் எண் கதிரியக்கப் பாதுகாப்பு வழிகாட்டி, தேவைக்குப் பொருந்தும் மிகச் சிறிய பரப்பையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. பெரிய பரப்பில் எடுத்தால் அதில் விழும் சைனஸ், கழுத்தெலும்பு, தாடை மூட்டு அனைத்தையும் படித்து அறிக்கை தரும் பொறுப்பும் வந்துசேரும்.

சுழற்சி நடுவில் நின்றுவிட்டது

பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கதிர் நின்றுவிடும்படியே இயந்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். அடுத்து கதவு முழுவதும் மூடியிருந்ததா, சுழலும் கை நோயாளியின் தோளில் இடித்ததா என்று பாருங்கள். கழுத்து குட்டையாக உள்ளவர்களுக்கு தோளைத் தளர்த்தித் தாழ்த்தச் சொன்னாலே போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் இயந்திரத்துக்கும் கணினிக்கும் தகுந்த யுபிஎஸ் அவசியம். சுற்று முடிந்தும் படம் கட்டப்படவில்லை என்றால் கணினியில் வட்டு நிறைந்திருக்கிறதா, வலைக்கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூலப் படங்கள் பத்திரமாக இருந்தால் கதிர் இல்லாமலே மறுபடி கட்டலாம். பாதியில் நின்ற சுற்றிலும் நோயாளி கதிரைப் பெற்றிருக்கிறார் என்பதால், அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

அனுப்பிய படம் திறக்கவில்லை, சர்ஜிக்கல் கைடு வாயில் பொருந்தவில்லை

மருத்துவர் கேட்பது டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) தொகுப்பு முழுவதும். திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளக்க முடியாது. குறுந்தகட்டில் உள்ள பார்க்கும் மென்பொருளை மருத்துவமனைக் கணினியின் ஆன்டிவைரஸ் தடுத்தால், டைகாம் கோப்புறையை மட்டும் தங்கள் மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றுமதி செய்யும்போது ஸ்லைஸ் இடைவெளி 1 மி.மீ. என்று தானாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள், 0.2 மி.மீ. இல் எடுத்த படம் அவ்வாறு போனால் எலும்பின் விளிம்பு படிக்கட்டாகிவிடும், அதன்மேல் கட்டும் கைடும் (இம்ப்ளாண்டுக்குத் துளையிட வழிகாட்டும் தகடும்) பிசகும்.

கைடு பொருந்தாததற்குப் பொதுவான காரணம், பற்களின் மேற்பரப்பைப் பதிவுசெய்யும் வாய் ஸ்கேனரின் எஸ்டிஎல் கோப்பையும் சிபிசிடி படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக ஏற்றாததே. மேல் கீழ்ப் பற்கள் கடித்தபடி எடுத்திருந்தால் பல்முனைகள் ஒன்றோடொன்று கலந்து ஒப்பிடும் புள்ளிகள் கிடைக்காது. பல கேப்கள் இருந்தால் கோடுகள் அவற்றை மறைக்கும். அத்தகைய வாய்க்குப் பஞ்சுருளையோடு எடுப்பதோ, கட்டாபெர்ச்சா குறிகள் பதித்த தகட்டை வாயில் வைத்து எடுப்பதோ நல்லது. மென்பொருள் தானாக ஏற்றியதை அப்படியே நம்பாமல், குறைந்தது மூன்று தொலைவான பற்களில் எஸ்டிஎல் கோடும் பல்லின் விளிம்பும் ஒன்றுகின்றனவா என்று கிராஸ் செக்‌ஷனில் பாருங்கள். கைடு வந்த பிறகு, பற்களின் மேல் அது முழுவதும் அமர்ந்திருப்பதைக் காட்டும் சிறு திறப்புகளில் இடைவெளி தெரிந்தால் துளையிடத் தொடங்க வேண்டாம். அளவை வாங்கியது முதல் பல்லில் புதிய நிரப்புதலோ நகர்வோ ஏற்பட்டிருக்கிறதா என்று கேட்டறிந்து, எஸ்டிஎல்லை மட்டும் புதிதாக எடுத்துப் பழைய சிபிசிடியோடு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.